மீனம்பாக்கம் வரை போன மாம்பழம்

யாராவது மைக்கைப் பிடித்து "உற்பத்தி", "ஏற்றுமதி" என்று ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. வயதாகிவிட்டது, கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள் வீட்டில். குறைய மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய? அந்த இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு ஒரு தோப்பையே தின்று ஏப்பம் விட்டார்கள். நான் கிட்டே நின்று பார்த்தவன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் ஆரணியில் மாம்பழம் என்றால் என் மண்டிதான். இதில் அடக்கமாகப் பேச எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இன்னொருத்தர் மண்டியில் கூடை தூக்கினேன். தலையில் சும்மாடு வைத்த இடத்தில் முடி முளைக்காமலே போயிற்று, இப்போதும் தடவிப் பார்க்கலாம். அந்தத் தலையை வைத்துத்தான், தெருவுக்குத் தெரு பட்டுத்தறி ஓடுகிற ஊரில், ஒரு இழை பட்டைத் தொடாமல் சேவூர் பக்கம் மாடிவீடு கட்டினேன். கண்ணமங்கலத்திலிருந்து மலையடிவாரம் வரை எந்தத் தோப்பு யாருடையது, எந்த மரம் ஒரு வருடம் காய்த்து மறு வருடம் கையை விரிக்கும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். தை மாதம் பூவைப் பார்த்துக் குத்தகை பேசுவேன். பூ உதிர்ந்தாலும், பேய்க்காற்று அடித்தாலும் நஷ்டம் என்னுடையது. வாங்கின தோப்பை நடுவில் விட்டுவிட்டு ஓடியவன் என்று என்னை ஒருத்தன் சொல்ல முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் ஒரு பழ விவசாயிகள் சங்கம் வந்தது. அதற்குச் செயலாளர் ஆனவர் ஒரு பட்டு வியாபாரி. அவருக்கு மாமனார் வழியில் ஒரு மாந்தோப்பு வந்திருந்தது, அவ்வளவுதான் அவருக்கும் மாம்பழத்துக்கும் உள்ள சம்பந்தம். அந்தத் தோப்புக்குக் காரில் போவார், இறங்காமலே திரும்புவார். ஆனால் சிங்கப்பூருக்குப் பட்டுப்புடவை அனுப்புகிறவர், இங்கிலீஷ் பேசுவார், அதிகாரிகள் வந்தால் மரியாதையாக உட்காரவைக்கத் தெரியும். அதனால் எல்லாரும் அவரையே கை காட்டினார்கள். நானும்தான்.

சங்கத்துக்கு வருடா வருடம் ஆடி மாதத்தில் ஒரு கூட்டம். கல்யாண மண்டபத்தில் நடக்கும். இந்த வருடம் நம் பக்கம் விளைந்தது இவ்வளவு டன் என்று செயலாளர் வாசிப்பார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறீர்கள்? எப்போதோ எண்ணின மரக்கணக்கை எடுத்து, ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுவார். சித்திரைக் காற்றில் பிஞ்சாக உதிர்ந்தது, வௌவால் கடித்தது, விலை இல்லாமல் கண்ணமங்கலம் சாலையோரம் கொட்டி நாறிப்போனது, எல்லாம் அதில் உற்பத்திதான். கொட்டின பழத்தின் மேல் வழுக்கிச் சைக்கிளோடு விழுந்தவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து அதற்குக் கைதட்டுவார்கள். சாப்பாட்டில் வடை பாயசம் உண்டு.

இப்போது தோப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

கண்ணமங்கலத்துக்கு மேற்கே மலையோரம் ஒரு தோப்பு. முழுக்கப் பங்கனபள்ளி. தன் புருஷன் இறந்த பிறகு அதை ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். குத்தகை பேசும்போது கணக்காக இருப்பார், பேசி முடித்துவிட்டால் மோர் கொடுப்பார். அவருக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேருக்கும் மரத்தை வெட்டிவிட்டுக் கரும்பு வைக்க வேண்டும். மாம்பழத்துக்கு விலை இல்லாமல் போன வருடங்கள் அவை, பையன்களைச் சொல்லியும் குற்றமில்லை. நான் பூ பார்க்கப் போன அன்று அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பசங்க வெட்டியே தீரணும்னு நிக்கிறானுங்க. செங்கல் சூளக்காரன் வந்து மரத்தத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போய்க்கீறான். நீ இன்னா சொல்ற?"

"வெட்டாதக்கா. இந்த வருசம் உன் பழம் துபாய்க்குப் போவுது. பட்டுக்கார மொதலாளி ஆளப் புடிச்சிக்கீறாரு, பழம் என்னுது. போச்சின்னா குத்தகைக்கு மேல ஒரு பங்கு உனக்கு. அடுத்த வருசத்துல இருந்து துபாய்காரனே ஆள அனுப்பி வாங்கிக்குவான்."

பெரிய மகன் மாட்டைக் கட்டிக்கொண்டே சிரித்தான். "துபாய்காரன் உன்ன நம்பித்தான் சாப்புடாம குந்திகினு கீறானா மாமா?"

"குந்திகினுதான்டா கீறான். நீ மொதல்ல மரத்துக்குத் தண்ணி கட்டு."

அக்கா மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "செரி தம்பி. ஒன் வாய்க்காவ ஒரு வருசம் உடறேன்" என்றார். சூளைக்காரனைத் திருப்பி அனுப்பினார். அந்த மரங்கள் நின்றது என் வார்த்தையில். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த வருடம் நான் பறித்த மாதிரி எங்கள் பக்கம் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பறித்ததில்லை. கிளையை உலுக்கக் கூடாது, கொக்கியால் இழுக்கக் கூடாது. வலை கட்டின தொறட்டியில் காம்போடு இறக்கினோம். காம்பைக் கிள்ளிக் காயைக் கவிழ்த்துப் பால் வடியவிட்டோம். பால் பட்டால் தோலில் கருப்புக் கோடு விழும், வெளிநாட்டுக்காரன் தொட மாட்டான். பெண்களை வரிசையாக உட்கார வைத்துத் துணியால் ஒற்றியெடுத்து, காகிதச் சீவல் பரப்பி, மரப்பெட்டியில் அடுக்கினோம். அக்காவும் உட்கார்ந்து அடுக்கினார். பெரிய மகன்கூட ஒரு பெட்டிக்கு ஆணி அடித்தான்.

மறுநாள் லாரி என்றிருந்தது. விமானத்தில் இடம் இல்லை, பொறுங்கள் என்று பட்டுக்காரருக்குப் போன் வந்துவிட்டது. தோப்பிலேயே கீற்றுக்கொட்டகையில் வைத்துக்கொள்கிறேன் என்றேன் நான்.

"கொட்டாயிலயா? இந்த வெயில்லயா? துபாய் போறதுக்குள்ள பழுத்துத் தொங்கிடும்பா" என்றார் அவர். "ஜல்தியா பொட்டிய ஏத்திகினு நம்ம கெடங்குக்கு வா. கல்லுச் செவுரு. சும்மா ஜில்லுன்னு இருக்கும். பட்டு வெக்கிற எடம், ஒரு பூச்சி அண்டாது."

சொன்னது பொய்யில்லை. சுவர் தடிமன், உள்ளே குளிர்ச்சி. ஒரு பக்கம் சேலைக் கட்டுகள், ஒரு பக்கம் என் பெட்டிகள். எறும்பு வரும், கரப்பான் வரும் என்று தன் கையாலேயே புதுப் பொட்டலம் பிரித்து, மூலைக்கு மூலை, பெட்டிக்கு இடையில் இடையில், துணிக்குப் போடுகிற பாச்சை உருண்டையை உருட்டிவிட்டார். பட்டுக்குச் செய்கிற மரியாதையை மாம்பழத்துக்கும் செய்தார். கதவை இழுத்துப் பூட்டினார்.

ஆரணிக்காரர்களுக்கு இதில் தப்பே தெரியாது. எங்கள் ஊரில் அலமாரியைத் திறந்தால் பாச்சை உருண்டை, டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டை, கடைக்குள் நுழைந்தால் அதே. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறோம். வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்கள் மூக்கைத் தேய்த்துக்கொண்டால், பாவம் ஜலதோஷம் போல என்று மிளகு ரசம் வைத்துக் கொடுப்போம். அப்படிப்பட்ட ஊர். எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. ஆனால் கிடங்கு யாருடையது? உருண்டை போட்ட கை யாருடையது? எனக்கு அதுதான் கேள்வி.

நாலு நாள் கழித்து விமானத்தில் இடம் கிடைத்தது. லாரியில் நானே ஏறிப் போனேன். காலையில் கிளம்பி, உச்சி வெயிலில் மீனம்பாக்கம் சரக்குக் கொட்டகை. வாங்குகிறவரின் ஆள் ஒருவர் வந்தார், வெள்ளைச் சட்டை, மரியாதையான மனிதர். ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். மூடி திறந்ததும் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். இன்னொரு பெட்டி. அதற்கும் அதே. என் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"ஐயா, இதில் இதற்கு முன்னால் புடவை வைத்திருந்தீர்களா?"

"புதுப் பொட்டி சார். ஆணி கூட துருப்புடிக்கல, பாருங்க."

பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, பழத்த கக்கூஸ்ல வெச்சி எடுத்தாந்தியா?" என்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. தலையில் கூடை தூக்கின காலத்தில்கூட என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு பழத்தை எடுத்து அறுத்தேன். வழித்து ஒரு துண்டை வாயில் போட்டேன். காலையிலிருந்து லாரிக்காற்றில் கிடந்த மூக்கு அப்போதுதான் விழித்துக்கொண்டது. அக்கா தோப்புப் பங்கனபள்ளி, தேன் மாதிரி இருக்க வேண்டியது, துணி அலமாரியை நக்கின மாதிரி இருந்தது. துப்பினேன். வெள்ளைச்சட்டைக்காரர் மன்னிப்புக் கேட்கிற குரலில், "உங்கள் பக்கத்துப் பழமே இப்படித்தான் என்று அங்கே நினைத்துவிடுவார்கள், அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கொத்தவால்சாவடியில் கேட்டேன், ஒருவனும் வாங்கவில்லை. ஜூஸ் கடைக்காரன்கூட வேண்டாம் என்றான். கடைசியில் மாட்டுக்குப் போடுகிறேன் என்று ஒருவன் அள்ளிக்கொண்டு போனான். வெறும் பெட்டிகளோடு ஊர் திரும்பினேன்.

நேரே பட்டுக்கடை. உள்ளே ஒரு கல்யாண வீட்டார் சேலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"இன்னாப்பா, ஏத்தி உட்டியா?"

"ஏத்தல மொதலாளி. உங்க கெடங்கு வாசன பழத்துல ஏறிகிச்சி. தள்ளிட்டாங்க."

"வாசனையா? இன்னா வாசன?" நடுக்கடையில் நின்று மூக்கை உறிஞ்சினார். "ஒண்ணும் வர்லியே. இன்னாம்மா, உங்களுக்கு எதுனா வருதா?"

சேலை பார்த்த அம்மாளும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஊதுபத்தி வாசன வருது, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

"பாத்தியா? பழுத்தத பறிச்சிகினு போய் அசிங்கப்பட்டுட்டு, என் கெடங்கு மேல பழிய போடறியே. உன் மாங்காவுக்கெல்லாம் எடம் குடுத்தேன் பாரு, என்ன சொல்லணும்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கடைக் கண்ணாடியை உடைக்காமல் வந்தேனே, அதை நினைத்து இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது.

அக்காவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பழம் போகவில்லை, பங்கு இல்லை, குத்தகைப் பாக்கியை மட்டும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கொடுத்தும் விட்டேன். அவர் "செரி தம்பி" என்றார். மகன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி பிறந்தது. சங்கத்து நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டினார்கள். "நம் பகுதி மாம்பழம் முதன்முறையாகக் கடல் தாண்டியது! ஏற்றுமதிச் சாதனை விழா!" மண்டி வாசலிலேயே ஒட்டியிருந்தான் படுபாவி. அதைக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் பெரிய மகன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் அதே நோட்டீஸ்.

"மாமா, இன்னா இது? கடல் தாண்டிச்சாமே. எங்கம்மாகிட்ட தாண்டலன்ன. எங்க பங்க நீ தாண்டிட்டியா?"

வாழ்க்கையில் என்னை முரடன் என்றிருக்கிறார்கள், தற்பெருமைக்காரன் என்றிருக்கிறார்கள். திருடன் என்று அவன்தான் முதலில் சொன்னான். அவனை அடிக்கக்கூட முடியவில்லை. அச்சடித்த காகிதம் அவன் கையில் இருந்தது, என்னிடம் வெறும் வாய்தான்.

கூட்டத்தன்று, வீட்டில் கோழி அடைக்கக்கூட லாயக்கில்லாமல் சீவலும் மூடியுமாகக் கிடந்த அந்த மரப்பெட்டிகளில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் நின்றவர்கள், "இன்னாண்ணே, செயலாளருக்குச் சீர்வரிசையா?" என்றார்கள். "ஆமா, தாலி மட்டும் பாக்கி" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். அக்காவும் மகன்களும் நடுவில் இருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மேடையில் மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி. பட்டுக்காரர் வாசித்தார். உற்பத்தி போன வருடத்தைவிட உயர்வு. கைதட்டல். ஏற்றுமதி, நம் வரலாற்றில் முதல்முறை. பெரிய கைதட்டல். அதிகாரி தானே எழுந்து அவருக்குச் சால்வை போட்டார். அந்தப் பழத்தைத் தின்ற மாட்டுக்குப் போட்டிருக்கலாம் அந்தச் சால்வையை.

நான் எழுந்தேன். "மொதலாளி, அந்த லாரில போனவன் நான். எந்தக் கடல தாண்டிச்சி? மீனம்பாக்கம் செவுத்தக்கூட தாண்டல."

மண்டபம் சிரித்தது. அவர் அசரவில்லை. மைக்கிலேயே கேட்டார்: "சரக்கு நம்ம ஊர்ல இருந்து ஏத்துமதிக்குன்னு கெளம்பிச்சா இல்லியா?"

"கெளம்பிச்சி. ஆனா..."

"கெளம்பிச்சி இல்ல? சங்கத்தோட வேல அதோட முடிஞ்சிது. அப்பறம் அங்க போய் நீ இன்னா பேஜார் பண்ணியோ, அது உன் சமாச்சாரம்."

அக்காவின் மகன் எழுந்து, "அப்ப காசு எங்க போச்சி, அத்த சொல்லச் சொல்லுங்க!" என்று கத்தினான். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

பெட்டியை மேடை விளிம்பில் வைத்து மூடியைப் பிடுங்கினேன். "மோந்து பாருங்கய்யா!" என்றேன். முன்வரிசை எழுந்து வந்து மூக்கை விட்டது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர். "காகித வாசன", "மர வாசன", "ஒண்ணுமே இல்லியே". அத்தனையும் பட்டுவீட்டு மூக்கு. அதிகாரி மட்டும் குனிந்தார். அவர் முகம் சுருங்கியது, கைக்குட்டை மேலே வந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சால்வை போட்ட கை இன்னும் சூடு ஆறவில்லை. அவர் பட்டுக்காரரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, பெட்டியை மூடுங்கள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது" என்றார்.

படித்த மனிதர். அரசாங்கச் சம்பளம். இப்போது எழுதும்போதுகூடப் பல்லைக் கடிக்கிறேன்.

ஜனம் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தது. அக்கா மட்டும் எதிர்ப்பக்கமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோனார். காகிதச் சீவலை ஒரு கை அள்ளி மறுபடி மோந்தார். மகன்களைக் கூப்பிட்டார்.

"என் கல்யாணப் பொடவ பொட்டி இதே நாத்தம்தான் நாறும். வருசத்துக்கு ஒருக்கா தெறக்கறேன், எனக்குத் தெரியாதா? இந்த வாசனப் பழத்த எவன் துன்னுவான்? தம்பி பொய் சொல்லலடா."

எனக்கு மலையைப் புரட்டின மாதிரி இருந்தது. மண்டபத்தில் மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து, "கேட்டீங்களாய்யா?" என்றேன். பெரிய மகன் சீவலை மோந்தான். தலையாட்டினான். என்னிடம், "தப்பா பேசிட்டேன் மாமா, மன்ச்சிக்க" என்றான். அதே மூச்சில் அம்மாவிடம் திரும்பினான்.

"அப்ப பழம் போவலதான? கடல் தாண்டல, ஒண்ணும் தாண்டல. மாமாவே பொட்டியத் தூக்கியாந்து சாட்சி சொல்லிட்டாரு. அப்பறம் மரம் இன்னாத்துக்கும்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். தை மாதம் பார்த்த அதே பார்வை. எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். "அடுத்த வருசம்..." என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த வருசம் யாரு கெடங்கு?" என்றான் அவன். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை.

ஆவணி முடிவதற்குள் சூளைக்காரன் வந்துவிட்டான். நான் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தேன். குத்தகையை ஏற்றித் தருகிறேன் என்றேன். கோடாலிச் சத்தத்துக்கு நடுவில் கத்த வேண்டியிருந்தது. அக்கா பக்கத்தில் வந்து சொன்னார்:

"அன்னிக்கு நீ பேசாம இருந்திருந்தா, பழம் கடல் தாண்டிச்சின்னு நம்பி, உன்னத் திருடன்னு நெனச்சிகினு வேற ஆளுக்குக் குத்தகைக்கு உட்டிருப்பானுங்க தம்பி. மரம் நின்னிருக்கும்."

"என்னத் திருடன்னு சொல்ற மரம் எனக்கு வேணாக்கா" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பட்டுக்காரர் பொய்க்கு நான் திருடனாக இருந்து, அந்தக் கணக்கில் மரம் நிற்க வேண்டுமா? அக்கா விழுந்து கிடந்த கிளையைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவரும் நானும் அதிகம் பேசிக்கொள்ள முடியவில்லை.

மறு ஆடியிலும் கூட்டம் நடந்தது. போகாதே என்றாள் என் வீட்டுக்காரி. போனேன். உற்பத்தி மறுபடி உயர்வு என்று வாசித்தார். நான் எழுந்து, மலையோரத் தோப்பு இந்தக் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டேன்.

பட்டுக்காரர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "இருக்குதே. நல்லா காய்ச்சிக்கீது" என்றார்.

"அங்க இப்ப கரும்பு நிக்கிது மொதலாளி."

"கரும்பு வேற சங்கம்பா. குந்து" என்றார்.

கைதட்டினார்கள். நான் குந்தவில்லை. கைதட்டி முடிக்கிற வரைக்கும் நடுமண்டபத்தில் நின்றேன், அவர் அடுத்த பக்கம் திருப்பி ஏற்றுமதியை வாசிக்கிற வரைக்கும் நின்றேன்.